விருந்தாளி நட்சத்திரமும் எண்ணாயிரத்துப் பிள்ளைகளும்



முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்து, திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. 1980களில் நடந்த கதை. அறிவியல் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு பையன் எழுந்து, "சார், நட்சத்திரம் செத்துப் போகுமா?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாத்தியார் ஆயிற்றே, சொல்ல மனம் வருமா? "நட்சத்திரமாவது சாகிறதாவது! உட்காருடா" என்று அதட்டி விட்டேன். வகுப்பே சிரித்தது. பையன் உட்கார்ந்து விட்டான். அதற்குப் பிறகு அவன் கேள்வியே கேட்கவில்லை.

நட்சத்திரம் சாகும் குழந்தைகளே. சாதாரணமாகச் சாகாது, சில நட்சத்திரங்கள் வெடித்துச் சாகும்! வெடித்த பிறகு மிஞ்சும் சாம்பல் ஆயிரக்கணக்கான வருடங்கள் வானத்தில் ஒளிர்ந்து கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஒன்று கார்த்திகை மாதத்து ராத்திரியில் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. அதற்கு நண்டு நெபுலா என்று பெயர். அன்று அந்தப் பையனுக்குச் சொல்லாததை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். கூடவே என் கருத்து ஒன்றையும் சொல்கிறேன். பிடித்தால் எடுத்துக் கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் சண்டைக்கு வாருங்கள்!

நட்சத்திரம் ஏன் வெடிக்கிறது? சைக்கிள் டியூபுக்குக் காற்று அடித்திருக்கிறீர்கள் அல்லவா? உள்ளே இருக்கும் காற்று வெளியே தள்ளும். டயர் அதை உள்ளே பிடித்து வைக்கும். இரண்டும் சமமாக இருக்கும் வரை சைக்கிள் ஓடும். நட்சத்திரமும் அப்படித்தான். அதன் எடை அதை உள்பக்கமாக நசுக்கப் பார்க்கும். உள்ளே எரியும் வெப்பம் வெளியே தள்ளும். அங்கே எரிவது விறகு அல்ல. ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஹீலியம் ஆகும்போது வருகிற சக்தி அது. நம் சூரியனும் இப்படித்தான் எரிகிறது. இன்னும் சுமார் 500 கோடி வருடம் எரியும். அது வெடிக்காது, பயப்படாதீர்கள்.

ஆனால் சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் கனமான நட்சத்திரங்கள் இருக்கின்றனவே, அவை பெருந்தீனிக்காரர்கள். ஹைட்ரஜன் தீர்ந்தால் ஹீலியத்தை எரிக்கும். பிறகு கார்பன், ஆக்சிஜன், சிலிக்கான் என்று வரிசையாக எரித்து, கடைசியில் நடுவில் இரும்பாக வந்து நிற்கும். இரும்பைச் சேர்த்து எரித்தால் சக்தி கிடைக்காது. அங்கேதான் அடுப்பு அணைகிறது. டியூபில் காற்று போனால் என்ன ஆகும்? நட்சத்திரத்தின் நடுப்பகுதி ஒரு நொடிக்குள் 'பொசுக்' என்று நசுங்கி விடும். அந்த அதிர்ச்சியில் மேல்பகுதி முழுவதும் நாலாபக்கமும் சிதறிப் பறக்கும். இதைத்தான் சூப்பர்நோவா என்கிறார்கள். கோடிக்கணக்கான சூரியன்கள் சேர்ந்தாற்போன்ற வெளிச்சம்!

கி.பி. 1054ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி. விடிவதற்கு முன் கிழக்கு வானில் அதுவரை இல்லாத ஒரு நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது. சீன நாட்டு அரசரின் வானியல் அலுவலர்கள் அதை எழுதி வைத்தார்கள். திடீரென்று வந்ததால் அதற்கு 'விருந்தாளி நட்சத்திரம்' என்று பெயர். எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்! வெள்ளி கிரகம் போல இருந்தது, பட்டப்பகலில்கூட 23 நாள் தெரிந்தது என்று குறித்திருக்கிறார்கள். ராத்திரியில் 1056 ஏப்ரல் வரை, ஏறத்தாழ இரண்டு வருடம் தெரிந்தது. பிறகு மங்கி மறைந்து விட்டது. விருந்தாளி என்றால் ஒரு நாள் கிளம்பத்தானே வேண்டும்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1054இல் இங்கே யார் இருந்தார்கள்? சோழர்கள். விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே உள்ள நரசிம்மப் பெருமாள் கோயிலில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு உண்டு. அந்த ஊரில் ஒரு பெரிய கல்லூரி இருந்ததாக அது சொல்கிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள்! சின்ன வகுப்பில் 270 பேர், பெரிய வகுப்பில் 70 பேர். ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை நாழி நெல், ஆசிரியருக்கு எவ்வளவு என்று கணக்கு சுத்தமாக வெட்டியிருக்கிறார்கள். விழுப்புரத்தில் இருந்து புதுச்சேரி போகும் வழியில் திருபுவனை வருமே, அங்கேயும் ஒரு கல்லூரி. 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள் என்கிறது. விருந்தாளி நட்சத்திரம் வருவதற்கு ஆறே வருடம் முன்பு!

அந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்மைப் போல ஏழு மணிக்கு எழுந்திருப்பவர்களா? கோழி கூவும் முன் எழுந்து பாடம் சொல்பவர்கள். கரண்ட் கிடையாது. தெருவிளக்கு கிடையாது. 1054 ஜூலை மாதம் மேகம் இல்லாத ஏதாவது ஒரு விடியற்காலையில், குளத்துக்குப் போகிற வழியில் ஒரு பையன் நிமிர்ந்து பார்த்து, "டேய், அது என்னடா?" என்று கத்தியிருக்க மாட்டானா? இருபத்து மூன்று நாள் பகலிலேயே தெரிந்ததை அத்தனை பேரில் ஒருவர்கூடவா பார்க்காமல் இருந்திருப்பார்கள்?

ஆனால் அந்த நட்சத்திரத்துக்குச் சாட்சியாக அறிஞர்கள் இன்று காட்டுவது சீன, ஜப்பான் குறிப்புகளையும், இப்னு புட்லான் என்ற அரபு மருத்துவர் சொன்னதையும்தான். நம் கல்வெட்டு ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. நெல் கணக்கு இருக்கிறது, நட்சத்திரக் கணக்கு இல்லை.

நான் சோழர்களைக் குறை சொல்லவில்லை. கல்வெட்டு என்பது தானத்தை எழுதி வைப்பதற்கு. கல்லில் வெட்டுவது லேசான வேலையும் இல்லை. யாராவது பனையோலையில் எழுதியிருந்து, அதைக் கரையான் தின்றிருக்கவும் கூடும். இருந்தாலும் எண்ணாயிரம் கோயிலைப் பற்றி நினைக்கும் போதெல்லாம் எனக்கு அந்த 340 பிள்ளைகள் நினைவுதான் வருகிறது. கண்ணால் பார்த்தும் எழுதாததால், அவர்கள் பார்த்தது அவர்களோடு போயிற்று.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொப்பம் போரில் யானை மேல் இருந்தபடியே முதலாம் ராஜாதிராஜ சோழன் இறந்ததும் 1054இல்தான் என்று சரித்திர நூல்கள் கூறுகின்றன. "ஆகா, நட்சத்திரம் தோன்றியது, ராஜாவுக்கு ஆகவில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நண்டு நெபுலா நம்மிடம் இருந்து சுமார் 6,500 ஒளியாண்டு தூரம். ஒளி நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியும் இங்கே வந்து சேர 6,500 வருடம் ஆகிறது. அதாவது 1054இல் தெரிந்த வெடிப்பு, அதற்கு 6,500 வருடம் முன்பே நடந்து முடிந்து விட்டது. அப்போது சோழநாடும் இல்லை, கொப்பமும் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்!

விருந்தாளி போன பிறகு ஏறத்தாழ எழுநூறு வருடம் அந்த இடத்தை யாரும் கவனிக்கவில்லை. 1731இல் ஜான் பெவிஸ் என்ற ஆங்கிலேயர் தொலைநோக்கியில் அங்கே ஒரு புகைத் திட்டைக் கண்டார். 1758இல் பிரான்ஸ் நாட்டு சார்லஸ் மெசியர் ஒரு வால்நட்சத்திரத்தைத் தேடிக் கொண்டிருந்த போது அதே புகையில் மாட்டிக் கொண்டார். வால்நட்சத்திரம் என்றால் நாளுக்கு நாள் நகர வேண்டும். இது நகரவில்லை. ஏமாந்து போன மெசியர் என்ன செய்தார் தெரியுமா? இனி யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்று ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார். அதில் முதல் எண் இதற்குத்தான். எத்தனையோ வால்நட்சத்திரங்களை அவர் தேடிப் பிடித்தார். அவற்றின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் 'இவை வால்நட்சத்திரம் அல்ல' என்று அவர் எழுதிய நோட்டு உலகம் முழுவதும் இன்றும் புழங்குகிறது.

19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தைச் சேர்ந்த ராஸ் பிரபு அதைப் படமாக வரைந்தார். படம் பார்ப்பதற்கு நண்டு மாதிரி இருந்ததால் நண்டு நெபுலா ஆயிற்று. இன்றைய படங்களைப் பார்த்தால் எனக்கு நண்டு தெரியவில்லை, கந்தல் நூல்கண்டுதான் தெரிகிறது! அந்தப் புகை இன்னும் விரிந்து கொண்டே இருக்கிறது. நொடிக்கு சுமார் 1,500 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் போனால் சென்னையில் இருந்து டெல்லிக்கு ஒன்றேகால் நொடி போதும். விரிந்து விரிந்து இப்போது அதன் அகலம் சுமார் 11 ஒளியாண்டு. விரியும் வேகத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 900 வருடம் முன்பு என்று வந்தது. சீனக் குறிப்பில் சொன்ன இடமும் பொருந்தியது, காலமும் பொருந்தியது. பழைய தாளில் இருந்த நாலு வரி, புதிய தொலைநோக்கியோடு கை குலுக்கிக் கொண்டது!

1968இல் அதன் நடுவில் இன்னொரு அதிசயத்தைக் கண்டுபிடித்தார்கள். நசுங்கிப் போன நடுப்பகுதி அங்கேயே இருக்கிறது. அதன் குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர்தான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் உள்ள தூரத்தில் பாதி! ஆனால் எடையோ சூரியனைவிட அதிகம். அது நொடிக்கு 30 தடவை சுற்றுகிறது. உங்கள் வீட்டு மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாலும் நொடிக்கு ஐந்தாறு சுற்றுக்குமேல் வராது.

இப்படி நசுங்குவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் போட்டவர் சென்னையில் படித்த நம் பையன். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சந்திரசேகர். 1930இல் மேல்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் போனார். வயது 19. கப்பலில் சும்மா இருக்காமல் நோட்டில் கணக்குப் போட்டார். எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் கரு, சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் கனமாக இருந்தால் அமைதியாக நிற்க முடியாது, மேலும் நசுங்கும் என்று அவருடைய கணக்கு காட்டியது. 1935இல் லண்டன் கூட்டத்தில் எடிங்டன் என்ற பெரிய விஞ்ஞானி எல்லார் முன்பும் அதைக் கேலி செய்தார். சந்திரசேகர் கணக்கைக் கிழித்துப் போடவில்லை. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1999இல் அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று அவர் பெயரையே வைத்தார்கள். அந்தப் பெயரை ஒரு போட்டியில் எழுதி அனுப்பி ஜெயித்தவர்கள் யார் தெரியுமா? ஒரு பள்ளி மாணவரும் ஒரு பள்ளி ஆசிரியரும்! எங்கள் ஜாதி ஜெயித்ததில் எனக்குத் தனி சந்தோஷம்.

சந்திரா எடுத்து உலகத்துக்குக் காட்டிய முதல் படமும் ஒரு வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம்தான். காசியோப்பியா-ஏ என்று பெயர். அதன் வெளிச்சம் பூமிக்கு வந்து சேர்ந்தது சுமார் 1680 வாக்கில். செஞ்சிக் கோட்டையை சிவாஜி பிடித்தது 1677. ஆக, செஞ்சி மலை மேல் மராட்டிய வீரர்கள் ராக்காவல் காத்த காலம் அது. உலகத்தில் எவருமே அந்த வெடிப்பைப் பார்த்ததாக உறுதியான குறிப்பு கிடையாது. நடுவில் தூசி மறைத்து மங்கலாகத் தெரிந்திருக்கலாம் என்கிறார்கள். ஆகவே 1054 வெடிப்புக்கு நாள் தெரியும், இதற்கு ஆண்டுகூடச் சரியாகத் தெரியாது. எழுதியதற்கும் எழுதாததற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். உங்களில் ஒவ்வொருவரும் ஒரு வான நோட்டு வைக்க வேண்டும். நாற்பது பக்க நோட்டு போதும். தொலைநோக்கி வேண்டாம். செல்போனில் நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லும் ஆப் வந்திருக்கிறதாம். அதை அப்புறம் பார்த்துக் கொள்ளுங்கள். முதலில் கண், பிறகு பேனா, கடைசியில் செல்போன்.

"படிக்கிற பிள்ளைக்கு ராத்திரியில் மொட்டை மாடியில் என்ன வேலை?" என்று வீட்டில் கேட்பார்கள். பத்து நிமிடம்தான் என்று சொல்லுங்கள். அம்மாவையும் கூட்டிக் கொண்டு போங்கள். "ஊரெல்லாம் உயர்கோபுர விளக்கு, நட்சத்திரமே தெரிவதில்லை" என்று ஒரு சாக்கு உண்டு. அது பாதி உண்மை. விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ரோட்டுக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் மேல்பக்கம் மூடி இல்லாமல் வானத்துக்கும் சேர்த்து வெளிச்சம் போடுவது யாருக்காக? பறக்கும் வௌவாலுக்கா? மூடி போடச் சொல்லி நீங்கள் பெரியவர்களிடம் கேட்கலாம், தப்பே இல்லை.

2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? விழுப்புரம், மயிலம், திண்டிவனம் எல்லாம் வெள்ளக்காடு. எங்கள் தெருவில் சில நாள் கரண்ட் இல்லை. அந்தக் கஷ்டத்திலும் ஒரு நல்லது நடந்தது. மேகம் விலகிய ஓர் இரவு, அமாவாசை கழிந்த சமயம், வானம் நான் சின்ன வயதில் பார்த்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஓடி வந்தாள். "தாத்தா, கிழக்கே பாருங்க! நீங்க சொன்ன வெடிச்ச நட்சத்திரம் வந்துடுச்சு!" என்றாள். பார்த்தேன். ரிஷபக் கூட்டத்தின் நடுவில் ஒன்று பளபளவென்று நின்றது.

எனக்குத் தெரியும், அது வியாழன் கிரகம். ஆனால் நாற்பது வருடம் முன்பு செய்த தப்பு ஞாபகத்துக்கு வந்தது. வாயை மூடிக் கொண்டேன். "எழுதி வை பாப்பா. பக்கத்தில் எந்த நட்சத்திரம், எவ்வளவு தூரம் என்று படம் போடு. ஒவ்வொரு வாரமும் போடு. நகர்ந்தால் கிரகம், நகராவிட்டால் நாம் இரண்டு பேரும் பேப்பரில் வருவோம்!" என்றேன். பிப்ரவரியில் நோட்டைக் கொண்டு வந்து நீட்டினாள். "தாத்தா, அது ரோகிணிகிட்ட வந்துடுச்சு. கிரகம்தான்" என்றாள். முகத்தில் ஏமாற்றம் ஒரு பங்கு, பெருமை மூன்று பங்கு. மெசியர் செய்ததும் அதே வேலைதான் என்று சொன்னேன். அவளுக்கு மெசியர் யாரென்று தெரியாது, ஆனாலும் சந்தோஷப்பட்டாள்.

சின்னப் பிள்ளைகள் பார்த்து என்ன ஆகப் போகிறது என்கிறீர்களா? கனடாவில் கேத்ரின் கிரே என்ற 10 வயதுப் பெண், பெரியவர்கள் எடுத்துக் கொடுத்த வானப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்து, 2011 ஜனவரியில் தூரத்து மண்டலம் ஒன்றில் சூப்பர்நோவா கண்டுபிடித்தாள். பழைய படத்தில் இல்லாத புள்ளி புதிய படத்தில் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

நம் பால்வீதிக்குள் வெறும் கண்ணுக்குத் தெரிந்த கடைசி வெடிப்பு 1604இல் நடந்தது. நாலு நூற்றாண்டு ஆகி விட்டது. 1987இல் பக்கத்து மண்டலம் ஒன்றில் ஒன்று வெடித்தது, தென்கோடி நாடுகளில் நன்றாகத் தெரிந்தது. அடுத்தது எப்போது வேண்டுமானாலும் வரலாம். மார்கழியில் களி கிண்டிக் கொண்டாடுகிறோமே, அந்தத் திருவாதிரை நட்சத்திரமே வெடிக்கக் காத்திருக்கும் கிழவர்தான். இன்றைக்கே வெடிக்கலாம், லட்சம் வருடம் கழித்தும் வெடிக்கலாம். 2019 கடைசியில் அது திடீரென்று மங்கியது. வெடிக்கப் போகிறதோ என்று உலகமே நிமிர்ந்து பார்த்தது. அது கக்கிய தூசி அதையே மறைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று பிறகு தெரிந்தது. முன்பு எவ்வளவு பிரகாசமாக இருந்தது என்று பலர் எழுதி வைத்திருந்ததால்தானே மங்கியது என்றே தெரிந்தது?

எங்கே பார்ப்பது என்று சொல்லி விடுகிறேன். கார்த்திகை தீபத்தன்று வேண்டாம். அன்று முழுநிலா கார்த்திகைக் கூட்டத்தின் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் மறைத்து விடும். பத்து நாள் கழித்து, ராத்திரி எட்டு மணிக்குக் கிழக்கே பாருங்கள். கொத்தாகத் தெரிவது கார்த்திகை. அதற்குக் கீழே சிவப்பாக ரோகிணி. ரோகிணியைச் சுற்றி சாய்ந்த 'வி' எழுத்து போல நட்சத்திரங்கள் இருக்கும், அது காளையின் முகம். அந்த எழுத்தின் இரண்டு கோடுகளையும் கீழே நீளமாக நீட்டினால் இரண்டு கொம்பு நுனிகள் வரும். ஒன்று பிரகாசம், இன்னொன்று கொஞ்சம் மங்கல். மங்கலான நுனிக்குப் பக்கத்தில், கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் அந்த விரல் அகலத் தூரத்தில்தான் நண்டு நெபுலா. வெறும் கண்ணுக்குத் தெரியாது. நல்ல இருட்டில் பைனாகுலர் இருந்தால் துளிப் புகை தெரியும். எண்ணாயிரத்துப் பிள்ளைகள் பார்த்திருக்கக் கூடிய இடம் அதுதான்.

இன்னொன்று மறந்து விட்டேன். நம் ரத்தத்தில் உள்ள இரும்பும் பல்லில் உள்ள கால்சியமும், மரக்காணம் உப்பளத்து உப்பில் உள்ள சோடியமும் குளோரினும் எப்போதோ இறந்து போன நட்சத்திரங்களுக்குள் வெந்து வந்தவைதான். அந்தக் கடைசி வரிசைப் பையன் இதைப் படித்தால், அவனுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும், என்னை மன்னிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் நோட்டு இப்போது இரண்டாவது. நேற்று வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் தேதி, மணி, அதற்குக் கீழே ஒரே வரி: "முழுக்க மேகம். ஒன்றும் தெரியவில்லை."

அதையும் எழுதியிருக்கிறாள்!